90 நாள் காத்திருந்தோம், ஆள் வரவில்லை

அந்தத் திங்கட்கிழமை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. கோவை சரவணம்பட்டியில் சின்ன ஆபீஸ். பம்புசெட் மோட்டாரை மொபைலிலேயே போட்டு நிறுத்தும் கருவி செய்கிற இரண்டு பேர், தங்கள் முதல் இன்ஜினியருக்காகக் காலை 9 மணியிலிருந்து காத்திருந்தார்கள். புது லேப்டாப்பில் அவர் பெயரை ஸ்டிக்கர் அடித்து ஒட்டியிருந்தார்கள். 11 மணிக்கு அழைத்தால் போன் ஸ்விட்ச் ஆஃப். அந்த ஆளைத் தேடிக் கொடுத்தவன் நான்.

புதிதாகத் தொடங்கும் ஸ்டார்ட்அப்புகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பதுதான் என் தொழில். தேடல், இன்டர்வியூ, சம்பளப் பேச்சு எல்லாம் மூன்று வாரத்தில் முடிந்துவிட்டது. கோட்டை விட்டது அதற்கப்புறம். அவருக்கு நோட்டீஸ் பீரியட், அதாவது ராஜினாமா கொடுத்த பிறகும் பழைய கம்பெனியில் வேலை பார்க்க வேண்டிய காலம், 90 நாள். ராஜினாமா மெயிலின் நகலை நான் கேட்டு வாங்கவில்லை. இடையில் இரண்டே முறைதான் பேசினேன். "கண்டிப்பா வந்தர்றேங்க" என்றதை நம்பினேன். பழைய கம்பெனியே சம்பளத்தைக் கூட்டி அவரை நிறுத்திக்கொண்டது என்று பிறகுதான் தெரிந்தது.

எங்கள் தொழிலில் ஆள் வந்து சேர்ந்தால்தான் பில் போட முடியும். பரவலாக வாங்குவது ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். எனக்குப் போனது அவ்வளவுதான். அவர்களுக்கோ பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் செய்ய வேண்டிய சோதனையே தள்ளிப்போனது. "தம்பி, நீங்க அவர்கிட்ட பேசிட்டுத்தான் இருக்கீங்கன்னு நெனச்சோம்" என்றார் மூத்தவர். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்த முறை 30 நாள் நோட்டீஸ் உள்ளவராகவே தேடினேன். ராஜினாமா மெயில், அதை ஏற்றுக்கொண்ட பதில், இரண்டும் கைக்கு வந்த பிறகுதான் மற்றவர்களுக்கு இல்லை என்று சொன்னேன். வெள்ளிக்கிழமை தவறாமல் போன். இரண்டாம் வாரம் அந்தப் பெண்ணை மதியச் சாப்பாட்டுக்கு ஆபீசுக்கே அழைத்தோம். இதைச் செய்யாமல் யாரும் 'ஆள் கிடைத்துவிட்டார்' என்று நினைக்க வேண்டாம்.

அங்கேதான் இன்னொரு ஓட்டை தெரிந்தது. கூட வந்த அவர் அப்பா ஆஃபர் லெட்டரை விரித்து வைத்து, "கம்பெனியில பங்கு தர்றதா போட்டிருக்கீங்க. அதுக்குப் பத்திரம் எங்கீங்க?" என்று கேட்டார். பத்திரம் இல்லை. ஊழியர்களுக்குப் பங்கு கொடுக்கும் ஈசாப் (ESOP) திட்டமே தொடங்கவில்லை, வாய்ப்பேச்சைக் கடிதத்தில் எழுதிவிட்டார்கள். நானும் கவனிக்கவில்லை.

மறுநாளே, கம்பெனிச் சட்ட வேலைகளைப் பார்க்கும் கம்பெனி செக்ரட்டரியிடம் ஓடினோம். பங்குதாரர்கள் தீர்மானம் போட்டுத் திட்டத்தை நிறைவேற்ற வேண்டும், ஆப்ஷன் (பின்னால் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை) கொடுத்து ஒரு வருடமாவது ஆகாமல் பங்காக மாற்ற முடியாது என்றார். இரண்டையும் மறைக்காமல் அப்பாவிடம் போனில் சொன்னேன். "ஒரு வருசம்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமேங்க" என்றார். நியாயம்தான். தீர்மானம் முடிந்து, சரியான வாசகத்தோடு புதுக் கடிதம் கொடுத்தோம்.

சேர வேண்டிய நாளில் அந்தப் பெண் காலை 8.40க்கே வந்துவிட்டார். பழைய ஸ்டிக்கரைக் கிழித்த இடத்தில் பசை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேலேயே அவர் பெயரை ஒட்டினார் மூத்தவர். நான் பில்லை அன்று மாலைதான் அனுப்பினேன்.