கதிர்காம நடையில் பத்து மணி

இலங்கையின் தெற்கே முருகன் இருக்கும் கதிர்காமத்துக்கு நடந்து போய்வந்தேன் என்றால் எல்லோரும் முதலில் காட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். யானை வந்ததா, கரடி வந்ததா, இரவில் எங்கே படுத்தீர்கள் என்று. நடந்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். காட்டைவிட ரோடுதான் சோதனை. அதிலும் பகல் பத்து மணியில் இருந்து மூன்று மணி வரைக்குமான ரோடு. அந்த ஐந்து மணித்தியாலத்தைப் பற்றி யாரும் எழுதி நான் வாசிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் திருகோணமலை திருக்கடலூரில் தையல் வேலை செய்பவள். யாழ்ப்பாணத்தில் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் இருந்து வேலோடு நடந்து புறப்படும் அடியார்களான சாமிமார் முல்லைத்தீவு, கொக்கிளாய், புல்மோட்டை, குச்சவெளி, நிலாவெளி என்று கரையோரமாகவே வந்து எங்கள் ஊரைத் தொடும்போது அவர்களுடைய கால்களைப் பார்க்க வேண்டும். கறுத்து, வெடித்து, குதிக்காலில் சீலைத்துண்டு கட்டி இருக்கும். முகத்தில் மட்டும் ஒரு களைப்பும் தெரியாது. சந்நிதியில் இருந்து கதிர்காமம் வரைக்கும் ஒன்றரை மாதத்துக்கு மேல் நடை. நாங்கள் கோணேசர் கோயிலிலும் பத்திரகாளி அம்மன் கோயிலிலும் கும்பிட்டுவிட்டு இங்கிருந்து அவர்களோடு சேர்ந்துகொள்கிறோம்.

அம்மா இளவயதில் இதே வழியால் நடந்தவ. 1983க்குப் பிறகு நடை அறுந்துபோனது. 1988இல் அமெரிக்காவில் இருந்து வந்த முருக பக்தரான பட்ரிக் ஹரிகனும் சில சாமிமாரும் மீண்டும் தொடக்கி வைத்தார்கள் என்றாலும், யுத்தம் முடியும் வரைக்கும் எங்கள் பக்கத்தில் இருந்து நினைத்தபடி எழும்பிப் போக முடியவில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மூதூருக்குப் போவதென்றால் லோஞ்ச் படகில்தான். தரையால் போனால் கிண்ணியாவில் ஒரு பாதை, பிறகு உப்பாறு, கங்கை, இறால்குழி என்று ஒவ்வொரு துறையிலும் இன்னொரு பாதை. பாதை என்றால் வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் மிதவை. அம்மா நடந்த காலத்தில் அந்தத் துறைகளில் காத்திருப்பதே பெரிய ஓய்வாம். இப்போது எல்லாவற்றுக்கும் பாலம். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். விடியக் காலை வெளிச்சத்தில் வேலைப் பின்தொடர்ந்து அந்தப் பாலத்தில் ஏறும்போது, ஒரு பக்கம் கொட்டியாரக் குடாவும் மற்றப் பக்கம் தம்பலகாமக் களப்பும் தெரிய, இப்படியே எவ்வளவு தூரமும் நடக்கலாம் என்றுதான் தோன்றும்.

பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. காலையில் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும்.

இரவு மூன்று மணிக்கு எழும்புவோம். கிணற்றடியில் ஆள் மாறி ஆள் குளித்து, திருநீறு பூசி, வேலுக்கு விளக்குக் காட்டியதும் ஒரு அரோகரா. வேலுக்கு முன்னால் யாரும் நடக்கக் கூடாது. அந்த இருட்டில் தார் குளிர்ந்திருக்கும். பேச்சும் குறைவு. யாராவது மெல்லிய குரலில் பாட, மற்றவர்கள் அடியெடுத்துக் கொடுப்பார்கள். கிலோமீற்றர்க் கல் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். ஆறு மணிக்கு ஒரு வீட்டு வாசலில் பிளேன்டீ. எட்டு மணிக்கு ஒரு கோயிலில் பாணும் சம்பலும், இல்லையென்றால் புட்டு. கிண்ணியாவிலும் மூதூரிலும் கடை வாசல்களில் வத்தகப்பழத்தை வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். "தங்கச்சி, நில்லுங்க, ஒரு துண்டு திண்டுட்டுப் போங்க" என்று ஒரு முஸ்லிம் நானா என் பையைப் பிடித்து நிறுத்தி, கையில் இரண்டு துண்டைத் திணித்தார். வேல் அவர் கடையைத் தாண்டும்போது தலைத்தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழும்பி நின்றார். அது எனக்கு மறக்காது.

அப்புறம் வெயில் ஏறும். ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் கச்சான் காற்று வீசும். மேற்கில் இருந்து காய்ந்த வயலையும் பற்றைக் காட்டையும் தடவிக்கொண்டு வரும் சூட்டுக் காற்று. வேர்வை வந்ததும் தெரியாது, காய்ந்ததும் தெரியாது. உதட்டில் உப்பு மட்டும் இருக்கும். தார் சூடேறி செருப்படியை இளக்கும். வெறுங்காலோடு நடப்பவர்கள் ரோட்டுக் கரைக்கு இறங்குவார்கள். அங்கே நெருஞ்சி முள். பையின் வார் தோளில் ஒரே இடத்தை அறுக்கத் தொடங்கும். தொடை உரசி எரியும்.

உடம்பைப் பொறுத்துக்கொள்ளலாம். மனம் படும் பாட்டுக்குத்தான் மருந்தில்லை. பத்து மணியானால் எனக்குக் கோபம் வரும். முன்னால் போகும் சாமியின் தடியில் கட்டிய மணி ஆடும் சத்தத்தில் கோபம். பின்னால் வருபவரின் இருமலில் கோபம். வீட்டில் கடைசியாக யாரோடு சண்டை பிடித்தேனோ அந்தச் சண்டை முழுவதும் சொல்லுக்குச் சொல் திரும்பி வரும். தைத்துக் கொடுக்காமல் விட்ட சாரிச் சட்டைகள் வரும். முருகன் மட்டும் வரவே மாட்டான். அந்த நேரம் பார்த்து மட்டக்களப்பு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்து, நமக்காகவே வேகத்தைக் குறைப்பதுபோலக் குறைக்கும். கொண்டக்டர் வாசலில் நின்று கையைக் காட்டுவார். அவர் மரியாதைக்குத்தான் கையெடுக்கிறார். நமக்கோ, ஏறு என்று சொல்வதுபோல இருக்கும்.

முதல் தடவை நடந்தபோது கிளிவெட்டி தாண்டி வெருகலுக்குப் போகும் வழியில் நான் நின்றேவிட்டேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போகிறேன் என்று சொன்னேன். எங்களோடு வாகரைப் பக்கத்துப் பெரியம்மா ஒருவர் வந்தார். எழுபதைத் தாண்டியவர், பல வருஷம் நடந்தவர். அவர் என்னை மறிக்கவில்லை, புத்தியும் சொல்லவில்லை. ஒரு மருத மரத்தின் கீழ் உட்கார வைத்து, ஜீவனி என்ற உப்புச்சீனித் தூள் கரைத்த தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

"பத்து மணிக்குப் பிறகு ஒரு முடிவும் எடுக்காத மகள். பொழுது சாயட்டும். அப்பயும் போகணும் எண்டா நானே பஸ்ஸேத்தி விடுறன்."

சரி என்று எழும்பினேன். அன்று மாலை வெருகலில் ஆற்றுக்குள் கழுத்தளவு தண்ணீரில் இருந்தோம். மகாவலியின் ஒரு கிளைதான் வெருகலாறு. கரையிலேயே சித்திரவேலாயுதர் கோயில். மணி அடித்துப் பூசை தொடங்கியபோது பெரியம்மா கேட்டார், "இப்ப என்ன சொல்ற?" எனக்குப் பஸ் ஞாபகமே இல்லை.

அடுத்த நாள் பத்து மணிக்கு அதே கோபம் அப்படியே வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. நடக்க நடக்கப் பழகிவிடும், மனம் பக்குவப்பட்டுவிடும் என்று சொல்கிறார்கள். என் அனுபவத்தில் கால்தான் பழகுகிறது. மனம் காலையில் ஏறி, பகலில் விழுந்து, பொழுதுபட எழும்புகிறது, ஒவ்வொரு நாளும். மாறியது ஒன்றுதான். வரப்போகிறது என்று முன்கூட்டித் தெரிந்ததால், அது வரும்போது நான் அதை நம்புவதில்லை.

கால் விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி வீழ்ச்சி அங்கே இருந்துதான் வருகிறது. காலையில் விரல் இடுக்குகளுக்கு நல்லெண்ணெய். ஈரக் காலோடு செருப்புப் போடுவதில்லை. கொப்புளம் வந்தால் தோலை உரிக்கக் கூடாது. அதன்மேல் மெல்லிய பருத்திச் சீலையைச் சுற்றி, தையல் முடிச்சு உள்ளே படாமல் கட்ட வேண்டும். இதற்காகவே கடையில் மிஞ்சிய வெட்டுத்துண்டுகளை அவித்துக் காயவைத்துக் கொண்டுபோகிறேன். மாலையில் உப்புப் போட்ட இளஞ்சூட்டுத் தண்ணீரில் கால் வைத்தால் அடுத்த நாளைக்குத் தாங்கும். சிலர் செருப்பில்லாமல்தான் நடக்க வேண்டும் என்று நேர்ந்து வருகிறார்கள். அவர்களை நான் கும்பிடுகிறேன். ஆனால் நீரிழிவு உள்ளவர்கள் அப்படி நடக்கவே கூடாது. காலில் முள் ஏறினது தெரியாமலே புண் பழுத்து, சித்தாண்டி என்ற ஊரோடு நடையை விட்டுத் திரும்பிப் போன ஒரு ஐயாவை நினைத்தால் இன்னும் மனம் பதைக்கிறது.

பெண்களுக்கு இதைவிடப் பெரிய துன்பம் மலசலகூடம். வெருகலுக்கு அப்பால் கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி, மாங்கேணி என்று போகும் வழியில் வீடுகள் நெருக்கமாக இல்லாத நீண்ட துண்டுகள் உண்டு. ஆண்கள் பற்றைக்குள் இறங்கிவிடுவார்கள். நாங்கள் சோடி சேர்ந்து, ஒருத்தி காவல் நிற்க ஒருத்தி போக வேண்டும். அதற்குப் பயந்து பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். அந்தக் கச்சான் காற்றில் தண்ணீர் குடிக்காமல் நடந்தால் தலை சுற்றும், சலக்கடுப்பு வரும், காய்ச்சல் வரும். பத்து மணிக் கோபம் என்று நான் சொன்னதில் ஒரு பங்கு தண்ணீர் குடிக்காத கோபம்தான் என்று இப்போது நினைக்கிறேன். ஒரு கோயிலில் மண்டபம் பளிங்குபோலக் கிடந்தது, அன்னதானம் குறைவில்லாமல் நடந்தது, மலசலகூடத்துக்கு மட்டும் பூட்டு. திறப்பு வைத்திருப்பவர் ஊரில் இல்லையாம். பத்துப் பதினைந்து பெண்கள் இருட்டும் வரை காத்திருந்தோம். அன்னதானம் போட்ட அதே கைகள்தான் அந்தப் பூட்டையும் போட்டிருந்தன என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கூட்டத்துக்குள்ளும் ஏற்ற இறக்கம் உண்டு. இளம் பொடியன்கள் வேகமாக நடந்து முன்னால் போகப் பார்ப்பார்கள். வயதானவர்கள் பின்தங்குவார்கள். காயன்கேணிக்குக் கிட்ட இது பெரிய வாக்குவாதமாகிவிட்டது. எங்களுக்காக ஏன் நிற்கிறீர்கள், போங்கள் என்று பெரியம்மாமார் அழ, பொடியன்கள் முகத்தைத் தூக்கிக்கொள்ள, வேல் கொண்டுவந்த சாமி ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் விடிய வேலை எடுத்து எல்லோரிலும் மெதுவாக நடக்கும் பெரியம்மாவின் கையில் கொடுத்தார். வேலுக்கு முன்னால் யாரும் நடக்க முடியாதே! அன்று முழுக்கக் கூட்டம் ஒரே கட்டாகப் போனது. அன்று பகல் பத்து மணிக்கு நான் கோபப்பட்டதாக ஞாபகம் இல்லை.

மட்டக்களப்பில் மாமாங்கேஸ்வரர், பிறகு கல்முனை, காரைதீவு, திருக்கோவில், பொத்துவில், பாணமை. இந்தப் பகுதியில் வீடுகளும் கோயில்களும் நெருக்கம், சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் கவலை இல்லை. குறட்டையும் நுளம்பும் மட்டும்தான்.

பாணமைக்கு அப்பால், காட்டு எல்லையில் உள்ள உகந்தையில் எல்லாக் கூட்டங்களும் ஒன்றாகும். மலையடியில் முருகன், பக்கத்தில் கடல். காட்டுப் பாதையை ஆடிவேல் விழாவை ஒட்டிக் குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டும்தான் திறப்பார்கள். பெயர் பதிந்து உள்ளே போனால் குமண காடு, கும்புக்கன் ஆறு, ஆற்றுக்கு அப்பால் யால காடு. அரிசி, பருப்பு, அவல் எல்லாம் நாமே சுமக்க வேண்டும். தண்ணீர் சில இடங்களில் பவுசர் லொறியில் வரும். மணல் கொதிக்கும், முள் குத்தும், யானை லத்தி இன்னும் ஈரமாகக் கிடக்கும். இரவில் நெருப்பு மூட்டி, சுற்றிப் படுப்போம். பயம் இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனாலும் அந்த நாலைந்து நாளில் பத்து மணி எனக்கு ஒன்றும் செய்யவில்லை. வெயில் அதே வெயில், கால் அதே கால். ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். காட்டுக்குள் பஸ் இல்லை. திரும்புவதென்றாலும் நடந்துதான் திரும்ப வேண்டும். ரோட்டில் நாங்கள் ஒவ்வொரு மணித்தியாலமும் மறுபடி மறுபடி தெரிவு செய்ய வேண்டியிருக்கிறது, போகவா, விடவா என்று. உடம்பைவிட அந்தத் தெரிவுதான் ஆளைக் களைக்க வைக்கிறது. காட்டுக்குள் அந்தக் கேள்வியே இல்லாததால் பாட்டு வருகிறது, பக்கத்தில் நடப்பவரின் கதை காதில் விழுகிறது, பாலைப்பழம் பொறுக்கித் தின்ன நேரம் கிடைக்கிறது. இதனால்தான் காட்டைவிட ரோடு சோதனை என்று சொன்னேன். கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் மூழ்கி எழும்பியபோது முருகனிடம் நான் கேட்டதும் அதுதான்: ரோட்டில் நடக்கும்போதும் எனக்குக் காட்டு மனத்தைக் கொடு.

வெருகலில் இருந்து மாங்கேணி வரைக்கும் ரோட்டோரமாக வீடோ கடையோ கோயில் பொறுப்போ உள்ளவர்கள் யாராவது இதை வாசித்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் தரும் சோறும் மோரும் எங்களை இதுவரை நடத்தி வந்திருக்கிறது. சாமிமார் வரும் அந்த ஒன்றிரண்டு கிழமைக்கு உங்கள் மலசலகூடத்தையும் திறந்து வையுங்கள். வாசலில் ஒரு வாளி தண்ணீரும், பெண்கள் போகலாம் என்று ஒரு மட்டையில் எழுதியும் வைத்தால் போதும். மட்டை எழுத நேரமில்லை என்றால் சொல்லுங்கள், சீலையில் பெரிய எழுத்தில் நானே தைத்து அனுப்புகிறேன்.