மேசைக்குப் பின்னால் நிற்பதன் சந்தோஷம்

பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் புத்தகம் கொடுக்கும் தன்னார்வலர் குழு ஒன்றில் இருக்கிறேன். "இதுல உனக்கு என்ன கிடைக்குது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல வந்ததில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

வேலையில் பெரும்பகுதி தூசி தட்டுவதுதான். நன்கொடையாக வரும் பெட்டிகளில் கிழிந்தவை, விடை எழுதி முடித்த பயிற்சி நூல்கள், பழைய பரீட்சை வழிகாட்டிகள் எல்லாம் கிடக்கும். அவற்றைக் கழித்துவிடுவோம். நம் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்கும் புத்தகத்தை இன்னொரு வீட்டுப் பிள்ளையின் கையில் கொடுக்கக் கூடாது. இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. மிச்சத்தை அட்டைப்படம் தெரியும்படி மேசையில் பரப்புவோம்.

அப்புறம் பிள்ளைகள் வருவார்கள். நாங்களாக எதையும் எடுத்து நீட்டுவதில்லை, அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1966-ல் வாஷிங்டனில், தான் பாடம் சொல்லிக்கொடுத்த சிறுவர்களிடம் சொந்தமாகப் புத்தகமே இல்லை என்று கண்டு மார்கரெட் மக்னமாரா தொடங்கிய இயக்கத்துக்கும் இதுதான் அடிப்படை: பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும், பிள்ளையே வைத்துக்கொள்ளட்டும்.

ஒரு சிறுமி பூச்சிகளைப் பற்றிய மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்தாள். வைத்தாள். மேசையைச் சுற்றிவந்து மறுபடி அதையே எடுத்தாள். வெட்டுக்கிளியின் பின்னங்கால் பெரிதாக வரைந்திருந்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டே, "இதை எப்போ திருப்பித் தரணும்?" என்றாள்.

"தர வேண்டாம்மா. இது உன்னோடது."

நம்பவில்லை. தன் ஆசிரியையைப் பார்த்தாள். அவர் தலையசைத்த பிறகுதான் என்னிடம் பேனா வாங்கி, முதல் பக்கத்தில் பெயர், வகுப்பு, பிரிவு என்று ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினாள். பின்னால் வரிசை நீண்டது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. இதைப் பார்க்கத்தான் நான் போகிறேன்.

சில பிள்ளைகள் தடிமனைப் பார்த்தே எடுத்துவிடுவார்கள். அவர்களுக்கு ஐந்து விரல் வழியைச் சொல்வேன்: ஏதாவது ஒரு பக்கத்தைப் படி, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கு, ஐந்தும் மடங்கினால் இப்போதைக்கு அது கஷ்டம். அப்படியும் அதுதான் வேண்டும் என்றால் சரி, கொடுத்துவிடுவேன். ஆசைப்பட்டு எடுத்ததைப் பிடுங்க எனக்கு மனம் வராது. வீட்டில் யாராவது படித்துக் காட்டட்டும்.

டைனோசர் புத்தகம் எடுத்துப்போன ஒரு பையன் அடுத்த முறை எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தான். "ஸ்டெகோசாரஸும் டி-ரெக்ஸும் ஒண்ணை ஒண்ணு பார்த்ததே இல்ல, தெரியுமா?" எனக்குத் தெரியாது. தேடிப் பார்த்தேன். நடுவில் சுமார் 8 கோடி ஆண்டுகள் இடைவெளி! எங்களிடம் வாங்கிய புத்தகத்திலிருந்து எனக்கே பாடம் எடுத்துவிட்டான் என்று அன்று முழுக்கப் பூரிப்பு.

இப்போது அவன் கேட்டிருப்பது திமிங்கலம். கடல் உயிரினங்கள் பற்றிய நல்ல சிறுவர் நூல்கள் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.