சூரியன் வராத ஊரில படிப்பிக்கிறது

மார்கழி லீவுக்கு கிளிநொச்சியில அம்மா வீட்டை வந்து நிக்கிறன், வந்த நாளில இருந்து மழை, இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்தாச்சு எண்டு ஆக்கள் பாக்கப் போகினம். வாற போற எல்லாரும் கேக்கிறது ஒண்டுதான், "உந்தக் குளிருக்க என்னெண்டு பிள்ளை படிப்பிக்கிறாய்?" பெரியம்மாவுக்கு ஒருக்கா, பக்கத்து வீட்டு அண்ணைக்கு ஒருக்கா எண்டு சொல்லிச் சொல்லி, சரி எழுதியே விடுவம் எண்டு இருந்திட்டன்.

நான் இருக்கிறது நோர்வேயின்ர வடக்கில, ட்ரொம்சோவில. ரெண்டாம் வகுப்பு. முதல்ல ஒண்டு சொல்லோணும், அங்க குளிரைவிட இருட்டுத்தான் பெரிசு. கடல்ல சூடான நீரோட்டம் வாறதால எங்களுக்கு மைனஸ் 5, மைனஸ் 10 அப்பிடித்தான், பொல்லாத குளிர் எண்டா உள்நாட்டுப் பக்கம், கரஸ்யோக்கில 1886ல மைனஸ் 51.4 வரைக்கும் போயிருக்கு. ஆனா கார்த்திகை, அதாவது நவம்பர், கடைசியில போற சூரியன் தை, அதாவது ஜனவரி, நடுப்பகுதி வரைக்கும் எழும்பாது. மத்தியானம் கொஞ்ச நேரம் வானம் நீலமா வெளிக்கும், கீழ ஸ்னோ வெள்ளையாக் கிடக்கிறதால அந்த வெளிச்சம் ரெண்டு மடங்காத் தெரியும், பிறகு திரும்ப இருட்டு. ஜனவரி 21ல சூரியன் வந்ததைக் கொண்டாடுவினம், ஜாம் வைச்ச உருண்டைப் பணிஸ் சாப்பிடுறது அண்டைக்கு வழக்கம், பிள்ளையள் மலைப்பக்கம் பாத்துக் கத்துற சத்தத்தைக் கேக்கோணும்.

மணிக்கூட்டைப் பாத்துத்தான் விடிஞ்சது தெரியும். ரோட்டெல்லாம் ஐஸ், சப்பாத்துக்குக் கீழ இரும்பு முள்ளு மாட்டித்தான் நடக்கிறது. பிள்ளையளின்ர ஜக்கெற்றில லைற் பட்டா மினுங்கிற பட்டி இருக்கும். வந்தோண்ண என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுங்கள், டீச்சர் எண்டு கூப்பிடுற பழக்கம் அங்க இல்லை. மதியத்துக்கு வீட்டில இருந்து கொண்டுவாற பாணும் சீசும்.

இடைவேளைக்கு எல்லாரும் வெளியில போகோணும். ஸ்னோ கொட்டினாலும் போகோணும். முதல் வருசம் எனக்கு நெஞ்சு பதறினது, இந்தப் பச்சைப் பிள்ளையளை என்னெண்டு வெளியில விடுறது எண்டு. பிறகுதான் விளங்கிச்சு, உடம்போட ஒட்டி கம்பளி, பருத்தி போடக்கூடாது, அது வேர்வையைக் குடிச்சு உடம்பைக் குளிரப்பண்ணிடும், அதுக்கு மேல தடிப்பா ஒண்டு, அதுக்கு மேல காத்தும் தண்ணியும் போகாத உடுப்பு. இவ்வளவையும் ஏழு வயசுப் பிள்ளை தானாப் போடும், நாங்கள் சிப் இழுத்துவிட்டு, காணாமப்போன ஒற்றைக் கையுறையைத் தேடிக் குடுப்பம். திரும்பி உள்ளுக்க வரேக்க எல்லாம் நனைஞ்சிருக்கும், அதுக்குத்தான் உடுப்புக் காயவைக்கிற அலுமாரி நிக்குது. ஆளுயரம், உள்ளுக்க சூடான காத்து சுத்தும், கையுறை, காற்சட்டை, சொக்ஸ் எல்லாத்தையும் கம்பியில கொழுவிவிட்டா வீட்டை போறதுக்குள்ள காய்ஞ்சிடும். அந்த ஊர்ச் சனத்துக்கு அது ஒரு விசயமே இல்லை. நான் அதைத் திறக்கிற நேரமெல்லாம் எங்கட பிள்ளையளைத்தான் நினைக்கிறன்.

ஏனெண்டா இங்க நான் தொண்டர் ஆசிரியரா இருக்கேக்க மாரி தொடங்கினா வகுப்பில வாங்கெல்லாம் காலி. பிள்ளைக்கு வருத்தமில்லை, படிக்க விருப்பமில்லாமலும் இல்லை, வெள்ளைச் சட்டை காயேல்லை, அவ்வளவுதான். கொடியில போட்டது நாள்கணக்கா ஈரம், அடுப்படியில பிடிச்சா புகை மணம், மாத்திப்போட இன்னொண்டு கிடையாது. 2024 நவம்பரில வெள்ளத்தால ஏ.எல் எண்ட உயர்தரச் சோதினையையே இடையில நிப்பாட்டினவை, அது செய்தியில வந்தது, சட்டை காயாம வீட்டில நிண்ட ஆறாம் வகுப்புப் பிள்ளையைப் பற்றி ஆர் எழுதினது?

எங்கட சனம் இருட்டைக் காணாத சனமில்லை. சண்டைக்காலத்துப் பொருளாதாரத் தடை நேரம் ஜாம் போத்தலுக்க திரி போட்டு, சொட்டு மண்ணெண்ணையில படிச்சு கம்பஸ் போன ஆக்கள் இருக்கினம். ஆனா அதைப் பெருமையாச் சொல்லிச் சொல்லியே இப்ப இருக்கிற பிள்ளையளும் அப்பிடிக் கஷ்டப்பட்டால்தான் படிப்பு வரும் எண்டு நினைக்கிறதை என்னால ஏற்க ஏலாது. நோர்வேப் பிள்ளை எங்கட பிள்ளையைவிடத் தைரியமான பிள்ளை இல்லை, அதுக்கு உடுப்பு இருக்கு, காயவைக்க இடம் இருக்கு.

முந்தி என்னோட படிப்பிச்ச டீச்சரை நேற்றுப் போய்ப் பாத்து அலுமாரிக் கதையைச் சொன்னன். அவ உடன சொன்னா, "கரண்ட் பில்லை ஆர் பிள்ளை கட்டுறது? முதல்ல ஆளுக்கு இன்னொரு சட்டையும் றெயின்கோட்டும் குடுங்கோ. பின் விறாந்தைக்கு வெளிச்சம் விடுற தகரம் போட்டுக் கொடி கட்டித் தந்தா மிச்சத்தை நாங்கள் பாப்பம்." இருந்து யோசிச்சா அவ சொன்னதுதான் நடக்கிற காரியம். தையல்கார அக்காவிட்ட சட்டைக்கு விலை கேட்டு வைச்சிருக்கிறன், தகரத்துக்கு நாளைக்குக் கடையில கேக்கிறன். வெளியில இருக்கிற எங்கட பள்ளிக்கூடத்துப் பழைய பிள்ளையள் ஆரும் சேர விரும்பினா இப்பவே சொல்லுங்கோ, பள்ளிக்கூடம் திறக்க முன்னம் தைச்சு முடிக்கோணும்.