கரையாத இழை

"இது நெஞ்சுக்கு ஒண்ணும் செய்யாதுல்லா சாரே?"

"இது ஆஸ்பெஸ்டாஸ் இல்ல அண்ணாச்சி."

அவ்வளவுதான் பேச்சு. தோர்த்தை மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு சூளைக்குள் போய், சுவரின் உள்பக்கம் சூடு தாங்கப் பதித்திருந்த பழைய செராமிக் ஃபைபர் லைனிங்கைப் பிய்க்க ஆரம்பித்தார். தேங்காய்த் தும்பு ஆலையில் வேலை பார்த்துவிட்டு எங்களிடம் வந்தவர். அந்த ஃபைபர் இழையை வெள்ளைத் தும்பு என்றுதான் சொல்வார்.

நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டது வேறு.

அந்த வருடம் முழுக்க என் தலையில் பொட்டாஷ்தான் இருந்தது. நம் பக்கத்துச் சூளைகளில் விறகும் சிரட்டையும் எரிகின்றன. அந்தச் சாம்பலில் இருக்கும் பொட்டாசியம் சூட்டில் ஆவியாகி இழையில் உள்ள சிலிக்காவை இளக்கிவிடும். பாதி அலுமினா, பாதி சிலிக்கா என்று இருக்கும் சாதாரண 1260 டிகிரி ரகம் சுருங்கி, இணைப்புகளில் இடைவெளி விழுந்தது. அதனால் 15 சதவீதம் அளவுக்குச் சிர்க்கோனியா என்ற சூடு தாங்கும் ஆக்சைடு சேர்ந்த 1425 டிகிரி ரகத்துக்குப் போனோம். பஞ்சாக வாங்கி, பலகையாக வார்த்து, சூளையில் பதித்து, பிய்த்துப் பார்த்து, மறுபடி வார்த்தோம். மணவாளக்குறிச்சி மணலில் கிடைக்கும் சிர்க்கான் கனிமம்தான் சிர்க்கோனியாவுக்கு மூலம் என்பதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. 'எதிலும் கரையக் கூடாது' என்று குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன்.

நெஞ்சுக்குள் போனாலும் அது லேசில் கரையாது. 3 மைக்ரானுக்குக் குறைந்த தடிமன் உள்ள இழை நுரையீரலின் ஆழம் வரை போகும். புதுப் பஞ்சு, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமைப் பட்டியலில் 2பி, அதாவது புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளது என்ற பிரிவு. அது விலங்குச் சோதனைகளை வைத்துச் சொன்னது, மனிதர்களிடம் போதிய சான்று இல்லை. இதைப் பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அண்ணாச்சி பிய்த்தது புதுப் பஞ்சு இல்லையே. 1000 டிகிரிக்கு மேல் நெடுநாள் வெந்த இழையில் கிறிஸ்டோபலைட் உருவாகலாம். அந்தப் படிகச் சிலிக்கா 1997-லிருந்து அதே பட்டியலின் முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற பிரிவில் இருக்கிறது. கையுறை போட்டுப் புதுசைத் தொட்டது நான், வெந்ததைப் பிய்த்தது அவர். இதெல்லாம் எழுதியிருந்த தாள் அன்றைக்கும் என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது.

உடலில் கரையும் கால்சியம் மக்னீசியம் சிலிக்கேட் இழைகளும் உண்டு. தீ படும் முகத்தில் பொட்டாஷுக்கு அவை தாங்காது, அது நிஜம். ஆனால் பின்னடுக்கில் அவ்வளவு சூடு கிடையாது, அங்காவது போட்டிருக்கலாம். ஒரே சரக்கு வாங்கினால் போதும் என்று நான்தான் முடிவு செய்தேன். அப்போது அது சரியாகவே பட்டது. அன்றே விவரமாகச் சொல்லியிருந்தால் வேலையை விட்டிருப்பாரா? மாட்டார் என்றே நினைக்கிறேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருக்கிறது.

போன மாதம் வடசேரி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன்.

"வெள்ளைத் தும்பு இப்பவும் ஓடுதா சாரே?"

"ஓடுது அண்ணாச்சி. இப்ப தண்ணி தெளிச்சு நனைச்சுதான் பிய்க்கிறோம். நல்ல மாஸ்க்கும் உண்டு."

"அப்ப நாங்க காஞ்சதையில்லா பிய்ச்சோம்" என்றார்.

திங்கள்சந்தை பஸ் வந்தது. ஏறிவிட்டார்.