இதுல பாக்க என்ன இருக்கு?

அம்மா பிறந்த ஊர் உடன்குடிக்குப் பக்கம். அங்கிருந்து கடல் ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஆனால் கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வரும்வரை அவள் கடலைப் பார்த்தது மூன்றே தடவை. மூன்றும் திருச்செந்தூரில், மொட்டை போட வந்த கூட்டத்துக்கு நடுவில்.

"பனங்காட்டுக்காரங்களுக்குக் கடல்ல என்னல வேலை?" என்பாள். தாத்தா பனையேறி. வீட்டுக்குக் கருவாடு கொண்டு வருகிற கருவாட்டுக்காரியிடம் காசு கொடுக்காமல் கருப்பட்டி கொடுத்து வாங்குவார்களாம். கடலோடு இவர்களுக்கு இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஜெராக்ஸ் கடை, வாரத்தில் அந்த ஒரு நாள்தான் லீவு. மகளுக்குப் பத்து வயது. "கூட்டம் இல்லாத பீச்சுக்குப் போலாம்ப்பா" என்று ஒரு மாசமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். மனைவிக்கு அன்றைக்கு டியூட்டி. சரி என்று அம்மாவையும் ஏற்றிக்கொண்டு சாத்தான்குளம், உடன்குடி வழியாக வண்டியை விட்டேன். திருச்செந்தூர் வழி போனால் ஞாயிற்றுக்கிழமை போக்குவரத்திலேயே பொழுது போய்விடும்.

முதலில் மணப்பாடு. மணல்மேட்டின் உச்சியில் திருச்சிலுவைக் கோயில், 1581-ல் கட்டியது. அதற்குக் கீழே கடலைப் பார்த்த குகை. 1542-ல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கிய இடம். அம்மா இரண்டு இடத்திலும் கும்பிட்டாள், அவளுக்குச் சாமியில் பேதம் கிடையாது. ஆனால் அங்கேயும் வேன்கள் நின்றன, செல்ஃபி எடுக்க வரிசை நின்றது. மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அதனால் பெரியதாழை ரோட்டில் இன்னும் கொஞ்சம் போய், பனைகளுக்கு நடுவே கடல் பக்கம் பிரிந்த மண் வழியில் இறங்கினேன். ஒரு இடத்தில் டயர் புதைகிற மாதிரி இருந்தது. நிறுத்திவிட்டு நடந்தோம்.

தேரிக்காட்டுப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே மண் செக்கச்செவேல் என்று இருக்கும். துருப்பிடித்த இரும்பின் நிறம், நிஜமாகவே அது இரும்புத் துருவின் சிவப்புதான். கடலை நெருங்க நெருங்க அது வெளுத்துக்கொண்டே வந்து, கடைசி மேட்டைத் தாண்டியதும் வெறும் மணல். இடது பக்கம் கண்ணுக்கெட்டிய வரை மணல். வலது பக்கம் தூரத்தில் நாலைந்து பைபர் வள்ளங்கள் கவிழ்ந்து கிடந்தன. ஒரு ஓலைக் கொட்டகை. கடை இல்லை, பலூன் சுடுகிறவர் இல்லை, மிளகாய் பஜ்ஜி வாசம் இல்லை.

அம்மா இடுப்பில் கை வைத்து ஒரு சுற்று பார்த்தாள். "இதுல பாக்க என்னல இருக்கு?"

என்னிடம் பதில் இல்லை. மகள் அதற்குள் ஓடிவிட்டாள். காற்றில் ஒரு பந்து உருண்டுகொண்டு வந்தது, அதைத் துரத்திக்கொண்டு. இராவணன் மீசைப் புல்லின் கதிர் அது. முள்ளாலேயே செய்த பந்து மாதிரி, ஒரு தேங்காய் அளவு இருக்கும். காய்ந்ததும் புல்லிலிருந்து கழன்று, முள்ளையே காலாக வைத்துக்கொண்டு காற்றுப் போகிற திசைக்கெல்லாம் ஓடும். எங்கே ஈர மணலில் மாட்டுகிறதோ அங்கே முளைக்கும். ஓடும்போது அது நேராக உருளுவதில்லை, விரல் நுனியில் நடக்கிற மாதிரி குத்திக் குத்திப் போகிறது. மணலில் அதன் தடம் தையல் போட்டது போல விழுகிறது. மகள் பிடித்துவிட்டு "ஆ" என்று கையை உதறினாள். பிறகு பிடிக்கவில்லை, கூடவே ஓடினாள்.

கொட்டகைக்குள் ஒரு பெரியவர் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இந்த ஊர்களில் கடலுக்குப் போகமாட்டார்கள், காலையில் சர்ச்சில் பூசை முடிந்ததும் வீடு, சாப்பாடு, தூக்கம். அதனால்தான் கரை இப்படிக் கிடந்திருக்கிறது. நான் என்னவோ ஆள் நடமாட்டமே இல்லாத கரையைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் விடிகாலையில் வந்திருந்தால் ஏலம், ஐஸ், கூடை, சத்தம் என்று கால் வைக்க இடம் இருந்திருக்காது. லீவு நாளில் பூட்டிக் கிடக்கிற என் கடைக்குள் ஒருவர் நுழைந்து "என்ன அமைதியான இடம்" என்று சொன்னால் எப்படி இருக்கும்!

"எங்கருந்து வாரீய?" என்றார்.

"பாளையங்கோட்டை, ஐயா."

"பிள்ளைய முட்டுக்கு மேல எறங்க விடாதீய. இன்னைக்கு வாநீவாடு இழுக்கு."

அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன். கடலுக்குள் ஓடுகிற நீருக்குப் பெயர் நீவாடு. வாடைப் பக்கமிருந்து, அதாவது வடக்கேயிருந்து தெற்கே ஓடினால் வாநீவாடு. தெற்கிலிருந்து வடக்கே போனால் சோநீவாடு. மேலே அலை எப்படி இருந்தாலும் அடியில் ஓடுவது இதுதான், அதைப் பார்த்துத்தான் வலை விடுவார்களாம். நான் தலையாட்டினேனே தவிர, பெரிதாக நினைக்கவில்லை. அலை சின்னதாகத்தானே இருக்கிறது!

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, மகளின் ஒரு செருப்பை அலை கொண்டுபோய்விட்டது. ஆரஞ்சு நிறச் செருப்பு, நன்றாகத் தெரிந்தது. நேராக உள்ளே போகும், அடுத்த அலையில் திரும்பி வரும் என்று காத்திருந்தேன். அது வரவில்லை. கரைக்கு இணையாக, தெற்கு நோக்கி, யாரோ கயிறு கட்டி இழுப்பது போல ஒரே சீராகப் போனது. நான் கரையில் வேகமாக நடந்தும் அதற்குச் சமமாகப் போக முடியவில்லை. கடைசியில் ஒரு புள்ளியாகி மறைந்தது. அந்த இடத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் மகள் நின்றிருந்தால் என்று ஒரு நொடி நினைத்தேன். திரும்பி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பெரியவர் வலையிலிருந்து தலை நிமிரவில்லை. "உவரில போய் எடுத்துக்கிடுங்க" என்றார். உவரி, தெற்கே இருக்கிற கடற்கரை ஊர். அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

அதற்கப்புறம் அம்மா கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அண்ணாச்சி" என்று ஆரம்பித்து, அந்தக் காலத்தில் கருவாடு கொண்டு வந்த கருவாட்டுக்காரி எந்த ஊர், யார் வீட்டு ஆள் என்று இரண்டு பேரும் துருவிக்கொண்டிருந்தார்கள். பேச்சு ராக்கெட்டுக்கும் போனது. பக்கத்தில் குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளம் வருகிறது, 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே விடும் ராக்கெட், இலங்கை மேலே போகாமல் வளைந்து போக வேண்டும், அதில் எரிபொருள் வீண். இங்கிருந்து விட்டால் நேரே கடல்தான். நான் இதை விளக்கினேன். பெரியவர் கேட்டுக்கொண்டார். "அது மேல போறதுக்கு வழி பாத்தாச்சி. விடுற அன்னைக்கு எங்கள கடலுக்குப் போவாதன்னு சொல்லுவான்லா, அதுக்கு என்ன வழி?" என்றார். என் விளக்கம் அதோடு முடிந்தது.

மகளும் நானும் நடந்தபோதுதான் அந்தத் தடத்தைப் பார்த்தோம். தண்ணீர் ஓரத்திலிருந்து மேட்டுக்கு, டிராக்டர் டயர் போன மாதிரி. இங்கே எப்படி டிராக்டர் வந்தது என்று யோசித்துக்கொண்டே பின்னால் போனால், அடப்பங்கொடி ஓரத்தில் மணல் கிளறிக் கிடந்தது. அங்கிருந்து இன்னொரு தடம் கடலுக்குத் திரும்பியிருந்தது. பங்குனி ஆமை. பங்குனியை ஒட்டி முட்டையிட வருவதால் அந்தப் பெயர். குழி தோண்டி நூறு முட்டை போல இட்டு, மூடிவிட்டுப் போய்விடும். பிறகு சூட்டைப் பார்த்துக்கொள்வது மணலின் வேலை, பொரிய ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். மணல் எவ்வளவு சுடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதே முடிவாகும்.

ஆனால் இந்தக் குழியை எங்களுக்கு முன்பே நாய் பார்த்துவிட்டது. சுற்றிலும் முட்டை ஓடுகள். கோழி முட்டை ஓடு போல உடையவில்லை, காற்றுப் போன பலூன் மாதிரி மெத்தென்று சுருங்கிக் கிடந்தன. உள்பக்கம் மஞ்சள் காய்ந்து மணல் ஒட்டியிருந்தது. மகள் ஒன்றைக் குச்சியால் புரட்டிப் பார்த்தாள். "எல்லாம் போச்சாப்பா?" என்றாள். குழிக்குள் பார்த்தேன், ஒன்றும் மிச்சமில்லை. திரும்பி வந்து பெரியவரிடம் சொன்னபோது, "ராத்திரி ஏறியிருக்கும். காலைல சொல்லியிருந்தா ஃபாரஸ்ட்டுக்காரங்களக் கூப்பிட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இது பொய்க் கட்டுரையாகிவிடும். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, சர்க்கரை, முழங்கால் வலி. மதியம் அவளுக்கு ஒதுங்க இடமில்லை. கால் கிலோமீட்டர் சுடுமணலில் நடந்து, உடைமர மறைவுக்குப் போய் வந்தாள். வந்தவள் என்னிடம் பத்து நிமிஷம் பேசவில்லை. கொண்டுபோன தண்ணீரும் தீர்ந்துவிட்டது, பெரியவர்தான் தன் கேனைச் சரித்துக் கொடுத்தார். இந்தக் கரையில் எதுவும் கட்டிவிடக் கூடாது என்று எனக்கு ஆசை. ஒரு கக்கூஸும் ஒரு குழாயும் இருந்தால் நன்றாயிருக்கும் என்றும் ஆசை. அதைக் கட்டினால் அதற்குப் பக்கத்தில் ஒரு பஜ்ஜிக் கடை வரும் என்பதும் தெரியும். இந்தக் கணக்கை நான் எத்தனை முறை போட்டாலும் மீதி வருகிறது.

கிளம்பும்போது அம்மா மேட்டோரத்தில் குனிந்து எதையோ செய்துகொண்டிருந்தாள். சாப்பாடு கொண்டுவந்த பையைக் கவிழ்த்து, அதில் மணல் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"கடலை வறுக்க. ஆத்து மணல்தான் லாரிக்காரன் அள்ளிட்டாம்லா, வேற எங்க போவ? இது பாரு, என்ன கனம். சூடு நிக்கும்."

கையில் வாங்கிப் பார்த்தேன். உண்மைதான், கனம். சாதாரண மணலுக்கு நடுவே பொடிப் பொடியாகக் கருப்பு, அப்புறம் வெயிலில் மாதுளை முத்து நிறத்தில் மின்னுகிற துகள். கருப்பில் பெரும்பங்கு இல்மனைட், சிவப்பு கார்னெட். இந்தக் கரை முழுக்க அதுதான். இதற்காகத்தான் வருஷக்கணக்கில் இங்கே அள்ளினார்கள், 2013-ல் அரசு தடை போட்டது. "தாதுமணல் கடத்துறம்மா, போலீஸ் பிடிக்கும்" என்றேன். "வரட்டும், வறுத்த கடலை ரெண்டு கை குடுப்பேன்" என்றாள். பெரியவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து மூன்று தண்ணீரில் அலசி, மொட்டை மாடியில் சாக்கு விரித்துக் காயப் போட்டாள். மறுநாள் கடையிலிருந்து வந்தபோது மகள் மாடியில் உட்கார்ந்திருந்தாள். பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து மணலுக்குள் இழுத்துக்கொண்டிருந்தாள். காந்தம் முழுக்கக் கருப்பு மீசை முளைத்திருந்தது. தட்டிவிட்டு மறுபடி இழுத்தாள், மறுபடி முளைத்தது.

"ஆச்சி, இங்க வாங்களேன்!" என்று கத்தினாள்.

"கடலை அடுப்புல கெடக்கு. நீ மணலச் சிந்தாத, இன்னும் ஒரு ஈடு வறுக்கணும்" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது.