தார் சுற்றும் ராட்டைக்கு மோட்டார்: எத்தனை ஆம்பியர் சப்ளை வேண்டும்?

கைத்தறிப் பட்டு நெசவில் ஊடை நூலை, அதாவது குறுக்கே ஓடும் நூலை, தாரில் (நாடாவுக்குள் வைக்கும் சின்ன நூல் குழலில்) சுற்றித் தருவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழும். ஆரணியில் எங்கள் வீட்டில் அது அம்மாவின் வேலை. தோள்பட்டை வலி கூடிக்கொண்டே போனதால், ராட்டையைக் கையால் சுற்றுவதை நிறுத்திவிட்டுச் சின்ன டிசி மோட்டார் ஒன்றைப் பெல்ட் போட்டு இணைத்துக் கொடுத்தேன். மோட்டார் வாங்குவது சுலபம். அதற்கு எந்த பவர் சப்ளை என்று முடிவு செய்வதில்தான் வேலையே இருக்கிறது. இதே எண்ணத்தில் இருக்கும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்காக விவரமாகவே எழுதுகிறேன்.

மோட்டார் மேல் 12 வோல்ட், 3000 ஆர்பிஎம் என்று மட்டும் அச்சிட்டிருந்தது. எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று இல்லை. சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் பொருள் விற்கும் ரிச்சி தெருவில் கிடைக்கும் சின்ன மோட்டார்கள் பலவும் இப்படித்தான் வரும். வோல்ட்டைப் பொறுத்து வேகம், சுமையைப் பொறுத்து கரண்ட். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். சப்ளையில் 10 ஆம்பியர் என்று இருந்தால் அத்தனையையும் மோட்டாருக்குள் தள்ளிவிடாது. மோட்டார் கேட்டால் அதுவரை கொடுக்கும், அவ்வளவே.

ராட்டையில் மாட்டி, ஒரு கார் பேட்டரியில் ஓடவிட்டு அளந்தேன். சும்மா சுற்றும்போது 0.4 ஆம்பியர், நூல் சுற்றும்போது 1.2 ஆம்பியர். கடையில் இதைச் சொன்னதும், "அப்ப 2 ஆம்பியர் அடாப்டரே தாராளம் சார்" என்றார்கள். நிறைய பேர் இந்தக் கணக்கில்தான் வாங்குகிறார்கள். நான் இதை ஏற்கவில்லை.

காரணம், மோட்டார் சுற்றும்போது தானே ஒரு எதிர் வோல்ட்டை உண்டாக்கும். வெளியிலிருந்து வரும் 12 வோல்ட்டில் பெரும்பகுதியை அது தடுத்து நிறுத்துவதால்தான் கரண்ட் குறைவாக இருக்கிறது. நின்ற நிலையிலிருந்து கிளம்பும் அந்தக் கணத்தில் எதிர் வோல்ட் கிடையாது. மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருளின் (காயில்) ரெசிஸ்டன்ஸ், அதாவது தடை, மட்டும்தான் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும். அந்த நொடிப்பொழுது கரண்ட்டைச் சாதாரண மல்டிமீட்டர் பிடிக்காது. எண் திரையில் வருவதற்குள் மோட்டார் வேகமெடுத்திருக்கும்.

அதனால் வேறு வழியில் போனேன். மோட்டார் தண்டைக் குறட்டால் அசையாமல் பிடித்துக்கொண்டு, இரண்டு பென்சில் பேட்டரியை மட்டும் கொடுத்தேன். ஒரு மீட்டர் மோட்டார் முனைகளில் வோல்ட்டுக்கு, இன்னொன்று ஆம்பியருக்கு. 2.4 வோல்ட், 1.2 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை 2 ஓம். தண்டைக் கொஞ்சம் திருப்பி, வேறு வேறு நிலைகளிலும் பார்க்க வேண்டும், கார்பன் பிரஷ் உட்காரும் இடத்தைப் பொறுத்து எண் மாறும். மீட்டரின் ஓம் வரம்பை நேரடியாக வைத்துப் பார்த்தால், பிரஷ் தொடுமிடத்தின் தடையும் மீட்டர் வயரின் தடையும் சேர்ந்து தப்பாகக் காட்டும். 12 வோல்ட்டை 2 ஓமால் வகுத்தால் 6 ஆம்பியர். ஓடும்போது 1.2 கேட்கிற மோட்டார் கிளம்பும்போது கேட்பது 6!

வீட்டில் இன்டர்நெட் ரூட்டருக்கு இருந்த 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டரில் மாட்டிக் காட்டினேன். மோட்டார் வெடுக்கென்று ஒரு துடிப்பு துடித்து நிற்கும், மறுபடி துடிக்கும், மறுபடி நிற்கும். "ஏன்பா இது விக்கல் எடுத்த மாதிரி நின்னு நின்னு போவுது?" என்றார் அம்மா. நடப்பது அதேதான். அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் அடாப்டர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்து, உடனே மீண்டும் முயலும். இந்த வகைப் பாதுகாப்புக்கு ஆங்கிலத்திலும் விக்கல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

மின்விசிறி போல ஒருமுறை போட்டுவிட்டால் நாள் முழுக்க ஓடும் சாதனமாக இருந்தால் இவ்வளவு பார்க்கத் தேவையில்லை. தார் சுற்றுவது அப்படியல்ல. நூல் அறும், நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். தார் நிறைந்தால் கழற்றி அடுத்ததை மாட்ட வேண்டும். நாள் முழுக்க நிறுத்துவதும் கிளப்புவதும்தான். ஆகவே கிளம்பும் கரண்ட்டை வைத்துத்தான் சப்ளையை எடுக்க வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. கடைகளில் 5 ஆம்பியரும் 10 ஆம்பியரும் எளிதாகக் கிடைக்கும். 6 தேவைப்படும் இடத்தில் 5 எல்லைக்கோட்டில் நிற்கும் என்பதால் 12 வோல்ட், 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட் டிசியாக மாற்றித் தரும் சப்ளை) எடுத்தேன்.

இதற்குப் பிறகு இடையில் ஒரு பிடபிள்யூஎம் வேகக் கட்டுப்பாட்டு போர்டும் (மின்சாரத்தை வேகவேகமாக விட்டு விட்டுக் கொடுத்து மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது) சேர்ந்தது. முழு வேகத்தில் கிளம்பினால் பட்டு நூல் தாங்காது. குமிழைத் திருப்பி மெல்ல வேகம் கூட்டினால் கிளம்பும் கரண்ட்டும் இறங்கிவிடும். அப்படியானால் சின்ன சப்ளையே போதுமே என்று கேட்கலாம். குமிழ் மேலேயே இருக்கும்போது யாராவது ஸ்விட்சைப் போடுவார்கள். அவசரத்தில் வேலை பார்க்கும் வீட்டில் அது நடந்தே தீரும்.

பெரிய சப்ளையில் ஓர் ஆபத்து உண்டு. அறுந்த நூல் கதிரின் (தாரை மாட்டும் கம்பியின்) அடியில் சுற்றிக்கொண்டு மோட்டாரை இறுக்கிவிட்டால், சப்ளை 6 ஆம்பியரைத் தயங்காமல் கொடுத்துக்கொண்டே இருக்கும். 12 வோல்ட்டில் அது 72 வாட், அத்தனையும் சூடாக மாறும். கையளவு மோட்டார் கருகிப்போகும். அதற்காக மோட்டார் வயரில் 3 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ ஃபியூஸ் போட்டேன். கிளம்பும் கணத்தை அது பொறுத்துக்கொள்ளும், சிக்கி நின்றால் அறுந்துவிடும். சாதாரண வேக ஃபியூஸ் இங்கே சரிவராது.

திறந்த தகடு எஸ்எம்பிஎஸ்ஸில் 230 வோல்ட் திருகுகள் வெளியே தெரியும். குழந்தைகள் புழங்கும் இடம், அதனால் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, காற்றுக்குத் துளை போட்டு, எர்த் வயரைக் கட்டாயம் இணைத்தேன். கரண்ட் போகும் நாட்களுக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று தனியாக இருக்கிறது. அதிலும் அதே ஃபியூஸ் வழியாகத்தான் வயர் போகிறது.