யன்னல் கம்பிகளுக்குள் சூரியன்

வெள்ளவத்தைக்குக் குடிவந்த புதிதில் எனக்கு இருந்த பெரிய குறை, கொழும்பில் காலமே மாறுவதில்லை என்பதுதான். யாழ்ப்பாணத்தில் வாடை, சோளகம் (தென்மேற்குக் காற்று) என்று காற்றின் பெயரைச் சொன்னாலே மாதம் தெரிந்துவிடும். மாரி பிடித்தால் எங்கள் கிணற்றில் கையால் தண்ணீர் அள்ளலாம். இங்கே தொடர்மாடியின் நாலாம் தட்டில் வருடம் முழுக்க ஒரே வியர்வை, ஒரே மின்விசிறி. மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் கொழும்பில் முக்கால் மணித்தியாலம் அளவுதான் வித்தியாசம். எதைப் பார்த்துக் கீறுவது என்று தெரியாமல் இரண்டு வருடம் வண்ணப்பெட்டியைத் திறக்கவேயில்லை.

எங்கள் முன்னறை யன்னல் கடலைப் பார்த்தது. கீழே மரைன் டிரைவ், அதை ஒட்டி ரயில் பாதை, அப்புறம் கடல். யன்னலுக்கு ஒன்பது இரும்புக் கம்பிகள். பொழுதுபட விளக்கேற்றிவிட்டு எப்போதும் ஒரே கதிரையில்தான் இருப்பேன். ஒரு கார்த்திகை மாதம் சூரியன் இடப்பக்கம் மூன்றாம் கம்பியடியில் இறங்கியது. பங்குனியில் தற்செயலாகக் கவனித்தால், நடுக்கம்பிக்கு வந்திருந்தது! அடுத்த நாளே தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். ஒன்பது கோடு போட்டு, சூரியன் கடலைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. மழை நாளில் புள்ளி இல்லை, திகதி மட்டும். இப்போது ஏழாவது கொப்பி ஓடுகிறது.

டிசம்பர் மூன்றாம் கிழமையில் அந்தப் புள்ளி இடப்பக்கம் இரண்டாம் கம்பியில் அசையாமல் நிற்கும். நாலைந்து நாள் ஒரே இடம். பிறகு மெல்ல வலப்பக்கம் திரும்பும். அதை முதல்முறை கண்ட அன்று எனக்கு அம்மம்மாவின் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. பொங்கல் பானைக்கு முன்னால் கைகூப்பி நின்று, "அயனம் திரும்புது பிள்ளை, கும்பிடு" என்பார். சும்மா கும்பிட்டிருக்கிறேன், என்ன திரும்புகிறது என்று தெரியாமலே. பஞ்சாங்கத்தில் உத்தராயணம், அதாவது சூரியன் வடக்கே திரும்புவது, தை முதலாம் திகதி. வானத்திலோ சூரியன் அதற்கு மூன்று கிழமைக்கு முன்பே திரும்பிவிடுகிறது. பூமியின் அச்சு மெதுவாகச் சாய்ந்து சுற்றுவதால் ஏறக்குறைய 72 வருடத்துக்கு ஒரு பாகை வீதம் இரண்டும் விலகிப்போயிருக்கின்றன. இதைப் படித்தறிந்த பிறகு என் பக்தி குறையவில்லை. இப்போது இரண்டு தரம் கும்பிடுகிறேன்.

வைகாசிக் கடைசியில் சோளகம் எழும்பும். கடல் மண்ணிறமாகி இரவெல்லாம் இரையும். ஆனியில் சூரியன் வலப்பக்க ஓரக் கம்பிக்குப் போய்த் திரும்புவதை இத்தனை வருடத்தில் இரண்டு தரம்தான் பிடித்தேன், மற்ற வருடமெல்லாம் முகில். ஆனால் அந்த மாதங்களில்தான் நான் அதிகம் வரைகிறேன். காரணம் உப்பு. காற்றில் வரும் கடல்தூவல் கண்ணாடியில் காய்ந்து, கிட்டப் போய்ப் பார்த்தால் பூப்பூவாகப் படர்ந்திருக்கும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். ஒருநாள் தாளில் நீலம் காயமுன் கல்லுப்பைத் தூவிப் பார்த்தேன். ஒவ்வொரு பரலும் தன்னைச் சுற்றியிருந்த நிறத்தை இழுத்துக்கொண்டு வெளிறிய நட்சத்திரமாக நின்றது. யன்னலில் இருந்த அதே பூ. அந்தப் படத்தைச் சுவாமித்தட்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். என் மகளுக்கு அது ஏன் என்று விளங்குவதில்லை, பரவாயில்லை.

ஐப்பசியில் பின்னேர இடிமழை தொடங்க, பின் ஒழுங்கையில் ஒரு பழைய வீட்டு வளவுக்கு ஆறுமணிக்குருவி வரும். இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்து, சித்திரை வரையில் இங்கே சருகைக் கிளறித் திரிகிற சின்னப் பறவை. கண்ணில் படுவது அபூர்வம். விளக்குத் திரியை நான் தூண்டுகிற நேரத்துக்குச் சரியாக இரண்டு சுரத்தில் விசிலடிக்கும். முதல் விசில் கேட்ட நாளைக் கொப்பியில் சிவப்பால் எழுதிவைப்பேன்.

இன்று சூரியன் நாலாம் கம்பி. சிவப்புப் பேனை மேசையில் இருக்கிறது. குருவி இன்னும் வரவில்லை. மழை தூறினாலும் பின்பக்க யன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன்.